தேய்ந்த கொழுவுக்கு உலோகம் ஏற்றும் முறை
(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

பெரியாற்று வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள் நெருங்கும்பொழுது மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளிலுள்ள குடியானவர்கள் முதலாவது விதையைத் தேடுகின்றனர். அடுத்தாற்போல் நடவாட்களைத் தேடுகின்றனர். அதன் பின்பு டிராக்டரைத் தேடுகின்றனர். டிராக்டரின் பின்னே பூட்டிய ரோட்டவேட்டரின் கத்திகள் எந்நிலையில் இருக்கின்றன என்பதை, தண்ணீர் வயலில் நின்ற பிறகே பலர் குனிந்து பார்க்கின்றனர். அச்சமயத்தில் கத்தி மழுங்கியிருந்தாலும் முறிந்திருந்தாலும் சாலையோரத்து வெல்டிங் பட்டறைக்கு ஓடுவதைத் தவிர வேறு வழி இராது. அங்கே அரைமணி நேரத்தில் நடக்கும் வேலையின் தரத்தைப் பொறுத்தே அந்தப் போகத்தின் தொளி உழவு நடைபெறுகிறது.

இருபோக நிலங்களுக்கு ஜூன் மாதத்திலும் ஒருபோக நிலங்களுக்குச் செப்டம்பர் மாதத்திலும் தண்ணீர் விடுவது பெரியாற்றுப் பாசனத்தின் வழக்கம். அணையில் நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின்னாகும். 1895-ம் வருஷத்தில் முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டது முதல் இப்பகுதியின் உழவு வாய்க்கால் தண்ணீரின் தவணையோடு பிணைந்தே இருந்து வருகிறது. முறைத் தண்ணீர் ஒருவனுக்காகக் காத்து நிற்பதில்லை. ஆகையால், தேய்ந்த கருவிக்கு மின்சார வெல்டிங் மூலம் உலோகம் ஏற்றும்பொழுது எந்த அளவுகளைக் கவனிக்கவேண்டும் என்பதை நிலச்சொந்தக்காரர்களும் ஒருவாறு அறிந்திருத்தல் நலம். வெல்டிங் செய்வது குடியானவருடைய தொழில் அன்று. ஆயினும், செய்த வேலை நல்லதா அல்லதா என்று பார்த்துச் சொல்லும் அறிவு அவருக்கு இருக்கவேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழு தேய்வதன் காரணம்

மண்ணிலுள்ள மணற்பொடி பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கல்லே. கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10 என்றால் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண இரும்பு இதற்கு வெகு கீழே நிற்பது. ஆதலால் ஒவ்வொரு மணலும் ஒரு சிறு உளியைப்போல் இரும்பைச் செதுக்கிச் செல்கிறது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் மணற்பாங்கில் கொழு விரைவில் தேய்வதற்கும், திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் இழுவை அதிகமாயிருந்தும் தேய்மானம் அவ்வளவு வேகமாய் இராமைக்கும் இதுவே காரணம்.

முற்காலத்தில் நாட்டுக் கலப்பையின் கொழுவைக் கொல்லர் உலைக்களத்தில் காய்ச்சி, அடித்து நீட்டித் தோய்த்துக் கொடுப்பார். அதில் தேய்ந்த இரும்பு திரும்ப வருவதில்லை. உள்ள இரும்பே நீண்டு மெலியும். மின்சார வெல்டிங்கிலோ போன உலோகத்துக்குப் பதிலாகப் புது உலோகத்தை ஏற்றலாம். அதுவும் மணலைவிடக் கடினமான குரோமியம் கார்பைடு கலந்த உலோகத்தையே ஏற்றலாம். 1881-ல் ருஷியா தேசத்து பெனார்டோஸ் கரிக்குச்சியின் மின்வில்லைக்கொண்டு இரும்பை ஒட்டினார். 1888-ல் ஸ்லாவியானோவ் கரிக்குச்சிக்குப் பதிலாக உருகும் உலோகக் குச்சியையே உபயோகித்தார். பூச்சிட்ட குச்சியைச் செய்துகாட்டிய ஸ்வீடன் தேசத்து ஷெல்பெர்க் 1904-ல் அதற்கென ஒரு கம்பெனியை நிறுவினார். இன்று நம் பட்டறைகளில் ‘ராடு’ என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

எனது பிழை ஒன்று

சில வருஷங்களுக்கு முன் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொளி உழவு நடக்கையில், ஒரு மிராசுதாரின் ரோட்டவேட்டர்க் கத்திகள் தேய்ந்துவிட்டன. கடின உலோக ராடு வாங்கி முனையில் ஏற்றும்படி நான் யோசனை சொன்னேன். பட்டறைக்கும் உடன் சென்றேன். வெல்டர் முதலில் வைத்த வரி மேடாகவும் ஒடுங்கியும் இருந்தது. “பிடிப்புப் போதாது; கரண்டைக் கூட்டி வையுங்கள்” என்று நானே சொன்னேன். அவரும் கூட்டினார். வரி அகன்று, படிந்து, பார்வைக்கு வழுவழுப்பாக அமைந்தது. அவசரத்தில் கத்தியைத் தண்ணீர்த் தொட்டியில் தோய்த்து ஆறவைத்து எடுத்துக்கொண்டு போனோம்.

மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு கத்திகள் வெல்டிங் ஓரத்திலேயே முறிந்து சேற்றில் புதைந்தன. மீதிக் கத்திகள் முறியவில்லையாயினும், ஏற்றிய உலோகம் பழைய இரும்பைப் போலவே தேய்ந்தது. முறிந்த துண்டை ஆள்விட்டுச் சேற்றில் துழாவித் தேடினோம். அது நடவாட்களின் காலைக் கிழிக்கும் அல்லவா? அதற்குள் அவருடைய தண்ணீர் முறை கழிந்துவிட்டது. அவர் என்னைக் குறைசொல்லவில்லை. “ஐயா, அடுத்த முறைக்குப் பார்த்துக்கொள்வோம்” என்று மாத்திரம் சொன்னார். அந்த வார்த்தையே என்னை இவ்விஷயத்தைக் கற்கத் தூண்டியது.

அன்று நடந்த பிழைகள் இரண்டு. முதலாவது, கரண்டைக் கூட்டியதால் அடியிலுள்ள கத்தி இரும்பு அதிகமாக உருகி, ஏற்றிய கடின உலோகத்துடன் கலந்துவிட்டது. பாலில் தண்ணீர் கலந்தாற்போல் அதன் கடினம் குறைந்தது. இரண்டாவது, கரி அதிகமுள்ள இரும்பைச் சூட்டோடு தண்ணீரில் இட்டதால் வரியின் ஓரம் கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மையை அடைந்தது. நான் பிடிப்புக் குறைவு என்று எண்ணிய மேடான வரியைச் சிறிதே திருத்தியிருந்தால் போதுமானது.

வரியின் மூன்று அளவுகள்

ராடு உருகி இரும்பின்மேல் கோடாக உறைவதைப் பட்டறைக்காரர் ‘பீடு’ என்பர். இங்கே அதை வரி என்றே சொல்வோம். வரியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மூன்று அளவுகள் விளங்கும். முதலாவது அதன் அகலம். இரண்டாவது இரும்பின் மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரம். மூன்றாவது இரும்புக்குள் உருகி இறங்கிய ஆழம். மேலே நிற்பது நாம் விலைகொடுத்து ஏற்றிய உலோகம். கீழே இறங்கியது கத்தியின் சொந்த இரும்பு உருகிக் கலந்த பாகம். மொத்த வரியில் இந்தக் கீழ்ப்பாகம் நூற்றுக்கு எவ்வளவு என்பதே கலப்பு விகிதம்.

இரண்டு துண்டுகளை இணைக்கும் வேலையில் ஆழம் அவசியம். ஆழம் இல்லாத இணைப்பு நிற்காது. தேய்ந்த முனைக்கு உலோகம் ஏற்றும் வேலையிலோ ஆழம் கூடுதல் கெடுதல். ஒட்டிக்கொள்ளும் அளவு உருகினால் போதும். ஒரே ராடு, ஒரே யந்திரமாயினும் வேலைக்கு வேலை அளவு மாறவேண்டும் என்பதை இங்கே மனத்தில் வைத்தல் வேண்டும்.

வெல்டர் கையிலுள்ள நான்கு கட்டுப்பாடுகள்

(1) மின்னோட்டம்: ஆம்பியர் கணக்கில் அளப்பது. சாதாரண மெல்லிரும்பு ராடில் 2.5 மி.மீ. கனத்துக்குச் சுமார் 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மி.மீ. கனத்துக்கு 90 முதல் 130, 4 மி.மீ. கனத்துக்கு 140 முதல் 180 வரையில் வழங்குவர். ராடுப் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள அளவே முடிவானது. மின்னோட்டம் குறைந்தால் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். வரி ஒடுங்கி, கயிறு கிடப்பதுபோல் மேடாக நிற்கும். கசடு உள்ளே சிக்கும். மிகுந்தால் வரி அகன்று தட்டையாகும், ஆழம் பெருகும், வரியோரத்தில் வாய்க்கால் வெட்டினாற்போல் பள்ளம் விழும், பொறி நாற்புறமும் சிதறும்.

(2) வில்லின் நீளம்: ராடின் நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி, ராடின் கனத்தளவே இருக்கவேண்டும். இடைவெளி கூடினால் வோல்ட் கூடும். வில் பரந்து வரி அகலும். காற்று உட்புகுந்து உலோகத்தில் புரை விழும். நல்ல வில் எண்ணெயில் வடை வேகும் சீரான ஓசையைத் தரும். விட்டுவிட்டுச் சீறும் ஓசை, வில் நீண்டுவிட்டதன் அடையாளம்.

(3) கை நகரும் வேகம்: வேகம் மிகுந்தால் வரி மெலியும், அதன் மேலுள்ள அலைக்கோடுகள் அம்பு முனைபோல் கூர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் உலோகம் குவிந்து அகன்று, சூடும் இரும்பில் அதிகமாக இறங்கும். அலைக்கோடுகள் பிறை வடிவில் ஒரே சீராயிருப்பது நல்ல வரி. அதன் அகலம் ராடுக் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருத்தல் போதும்.

(4) ராடின் சாய்வு: நகரும் திசையில் 70 முதல் 80 டிகிரி வரை சாய்த்துப் பிடித்தல் வழக்கம். மிகவும் சாய்த்தால் உருகிய உலோகமும் கசடும் ஒருபுறம் ஓடும்.

இந்த நான்கில் முதல் மூன்றையும் ஒரே கணக்கில் அடக்கலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, நகரும் வேகத்தால் வகுத்தால், ஒரு மி.மீ. நீளத்தில் செலவாகும் வெப்பம் கிடைக்கும். 24 வோல்ட்டில் 110 ஆம்பியர் வைத்து நிமிஷத்துக்கு 15 செ.மீ., அதாவது விநாடிக்கு 2.5 மி.மீ. நகர்ந்தால், மி.மீ. ஒன்றுக்குச் சுமார் 1,056 ஜூல் ஆகிறது. 26 வோல்ட்டில் 150 ஆம்பியர் வைத்து அதே வேகத்தில் நகர்ந்தால் 1,560 ஜூல். சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. என் பிழை எத்தன்மையது என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

ஐந்து வரிச் சோதனை

கத்தியில் கை வைக்குமுன் பட்டறையில் கிடக்கும் பழைய இரும்புப் பட்டை ஒன்றில் ஐந்து வரிகள் வைக்கச் சொல்லுங்கள். முதல் வரி சரியான அளவில், இரண்டாவது கரண்டைக் குறைத்து, மூன்றாவது கூட்டி, நான்காவது கையை வேகமாய் நகர்த்தி, ஐந்தாவது மெதுவாய் நகர்த்தி. கசடு தட்டி ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எழுத்தறியாதவரும் வேற்றுமையைக் கண்டுகொள்வர். வயலில் உரமிட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே காட்டுவதுபோன்றதே இதுவும். நான் பிற்பாடு சென்ற கிராமங்களில் இச்சோதனையையே முதலில் செய்துகாட்டி வருகிறேன்.

ஓர் அளவுகோல் இருந்தால் இன்னும் ஒன்று செய்யலாம். 3.15 மி.மீ. ராடில் 30 செ.மீ. உருகி முடிந்தபோது வரி எத்தனை செ.மீ. நீண்டது என்று அளந்து பார்க்க. வரி 20 செ.மீ. நீண்டால் அதன் குறுக்களவு, சிதறலைக் கழிக்காமல், சுமார் 12 சதுர மி.மீ.; 25 செ.மீ. நீண்டால் சுமார் 9, 15 செ.மீ. மட்டும் என்றால் சுமார் 16. ஒரே அளவு தண்ணீரை நீண்ட வரப்புக்குள் விட்டால் மட்டம் தாழும், குறுகிய வரப்புக்குள் விட்டால் மட்டம் ஏறும் என்பது போன்றதே இது. கத்திக்குக் கத்தி இந்த நீளம் மாறாதிருந்தால் ஏற்றிய எடையும் மாறாது.

சூட்டுக் கம்பி முறை

மேலே சொன்ன கைவேலையில் ஒரு சங்கடம் உண்டு. ராடை உருக்குவதும் அதே கரண்டு. அடி இரும்பை உருக்குவதும் அதே கரண்டு. உலோகம் அதிகம் வேண்டுமென்று கரண்டைக் கூட்டினால் ஆழமும் கூடவே வளர்கிறது. ஒரே மடையால் நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் தண்ணீர் விடுவது போன்ற நிலைமை இது. இச்சங்கடத்தைத் தீர்ப்பதற்காகப் பெரிய தொழிற்சாலைகளில் வழங்கும் முறையே சூட்டுக் கம்பி முறை.

இதில் மின்வில் டங்ஸ்டன் என்னும் எளிதில் உருகாத உலோக முனையிலிருந்து எழுகிறது. ஆர்கான் வாயு சூழ்ந்து காற்றை விலக்குகிறது. ஏற்றவேண்டிய உலோகம் மெல்லிய கம்பியாகச் சுருளிலிருந்து யந்திரத்தால் செலுத்தப்பட்டு, உருகிய குட்டையின் பின்புறத்தில் வந்து விழுகிறது. அந்தக் கம்பியின் வழியாகவே தனியே ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். மின்சார அடுப்பின் கம்பி சிவப்பது எவ்வாறோ, அவ்வாறே இக்கம்பியும் தன் தடையினாலேயே சூடேறி, உருகும் நிலையை நெருங்கிக் குட்டையை அடைகிறது. கம்பியைச் சூடாக்கும் வேலை வில்லுக்கு இல்லை. ஆதலால் வில்லின் கரண்டைக் கூட்டாமலே, குளிர்ந்த கம்பி முறையைவிட இரண்டு மூன்று மடங்கு உலோகம் ஏற்ற முடிகிறது. கலப்பு விகிதத்தை நூற்றுக்குப் பத்துக்குக் கீழும் இறக்கலாம். ராடுக் கைவேலையிலோ அது 20, 30 என்று நிற்பது சாதாரணம்.

இம்முறையில் கம்பியின் வேகம் வரியின் பருமனை நிர்ணயிக்கிறது. 1.2 மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பியை நிமிஷத்துக்கு ஒரு மீட்டர் வீதம் செலுத்தினால் மணிக்குச் சுமார் 0.53 கிலோ உலோகம் ஏறும். இரண்டு மீட்டர் என்றால் 1.07 கிலோ, மூன்று மீட்டர் என்றால் 1.6 கிலோ. மூன்று மீட்டர் கம்பி செல்லும் நிமிஷத்தில் வில் 20 செ.மீ. நகர்ந்தால் ஏற்றிய உலோகத்தின் குறுக்களவு சுமார் 17 சதுர மி.மீ.; 30 செ.மீ. நகர்ந்தால் சுமார் 11.

கம்பிக்குச் செலுத்தும் கரண்டு அதன் வேகத்தோடு இசையவேண்டும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒத்து ஏறுவது. அதாவது மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. இக்கரண்டு குறைந்தால் கம்பி குளிர்ந்தபடியே குட்டையின் அடியில் போய் முட்டும். வரி மேடுபள்ளமாகி, ஓரங்கள் ஒட்டாமல் உருண்டு நிற்கும். மிகுந்தால் கம்பி குட்டையை அடையுமுன்னரே உருகி அறுந்து, துளித்துளியாகத் தெறிக்கும். கம்பியின் கரண்டு எழுப்பும் காந்தசக்தி வில்லை ஒருபுறம் வளைப்பதும் உண்டு. அதைத் தணிக்கக் கம்பிக்கு மாறுதிசை மின்னோட்டத்தை உபயோகிப்பது வழக்கம். வில்லின் கரண்டு ஆழத்தையும் குட்டையின் அகலத்தையும், கம்பியின் வேகம் உலோகத்தின் அளவையும், கம்பியின் கரண்டு அந்த உலோகம் சீராக விழுவதையும் ஆள்கின்றன. செம்பும் அலுமினியமும் தடை குறைந்தவை. ஆகையால் அக்கம்பிகளுக்கு இம்முறை எளிதில் உதவாது.

நமக்கு அண்மையில், மதுரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரிலுள்ள திருச்சிராப்பள்ளியில், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1960-களில் நிறுவப்பட்டது. அதனுடன் சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல் ஏற்பட்டது. கொதிகலன் குழாய்களை இணைப்பது, எண்ணெய்க் கிணற்று வால்வுகளின் உட்புறத்தில் துருப்பிடியாத உலோகம் பூசுவது முதலிய வேலைகளுக்குச் சூட்டுக் கம்பி முறை உலகெங்கும் உபயோகத்தில் இருந்துவருகிறது.

நமது பட்டறைகளுக்கு இதனால் பயன் என்ன?

ஒரு கத்திக்காக அத்தகைய யந்திரத்தை வாங்கும்படி நான் சொல்ல வரவில்லை. அதன் விலைக்கு ஊர் முழுமைக்கும் புதுக் கத்திகளே வாங்கிவிடலாம். ஆனால் அதன் தத்துவம் நம் பட்டறையிலும் ஒளிந்திருக்கிறது. மதுரை கப்பலூர்த் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் ‘சி.ஓ.டூ. வெல்டிங்’ என்று வழங்கும் கம்பி வெல்டிங்கில், செம்பு முனையிலிருந்து வெளியே நீளும் கம்பித்துண்டு தன் தடையினால் வில்லை அடையுமுன்னரே சூடேறுகிறது. அந்த நீட்டத்தைச் சில மி.மீ. அதிகப்படுத்தி, அதே கரண்டு நிற்கும்படி கம்பியின் வேகத்தையும் கூட்டினால், உலோகம் அதிகம் ஏறும், ஆழம் குறையும். உலோகம் ஏற்றும் வேலைக்கு இது அனுகூலம். இணைப்பு வேலைக்கு இதுவே பிரதிகூலம். அளவு கடந்தால் வாயுவின் காப்பு எட்டாமல் புரை விழும்.

கை ராடிலும் இதைக் காணலாம். கரண்டு மிகுந்தால் பாதி எரிந்த ராடு முழுவதும் சிவந்து, பூச்சு வெடித்து உதிரும். அதுவும் ஒருவகைச் சூட்டுக் கம்பியே. ஆனால் வேண்டாத இடத்தில் வந்த சூடு. ராடின் கடைசிப் பாகம் சிவப்பதைக் கண்டால் கரண்டைக் குறைக்கச் சொல்லுங்கள்.

செய்யவேண்டிய ஒழுங்கு

தேய்ந்து பாதியானதும், போல்ட்டுத் துவாரத்தருகே விரிசல் கண்டதுமான கத்தியைப் புதுப்பிக்க முயலாது தள்ளிவிடுக. ஏற்றுதற்குரிய கத்திகளைக் கழற்றியே வேலை செய்யவேண்டும். டிராக்டரில் பூட்டியபடி வெல்டிங் செய்தால் கரண்டு பேரிங்குகளின் வழியாகச் சென்று அவற்றைக் கெடுக்கும்; டிராக்டரின் மின்சாதனங்களும் பழுதாகும்.

கத்தியின் மண், துரு, எண்ணெய் மூன்றையும் போக்கி, இரும்பு பளபளக்கும்வரை தேய்க்கவேண்டும். இரும்பின் தன்மையை அறியச் சாணைக்கல்லில் பிடித்துப் பார்க்கலாம். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடுகளாகப் பறக்கும். கரி அதிகமுள்ள எஃகின் பொறி மத்தாப்பூப்போல் பலவாக வெடிக்கும். கத்திகள் பெரும்பாலும் இரண்டாம் வகையே.

அவ்வகைக் கத்தியை வெல்டிங்குக்கு முன் 200 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடாக்குக. தெளித்த தண்ணீர்த்துளி உடனே படிந்து கொதிக்காமல், உருண்டு ஓடி மறையுமானால் அந்தச் சூட்டை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். ராடுகள் ஈரமற்று உலர்ந்திருக்கவேண்டும். ஈர ராடு உலோகத்துக்குள் ஹைட்ரஜனைப் புகுத்தி, மறுநாள் வெளிப்படும் விரிசலை உண்டாக்கும். முதலில் ஹைட்ரஜன் குறைந்த ராடில் மெல்லிய அடிவரி ஒன்று வைத்து, அதன்மேல் கடின உலோக ராடைப் பெட்டியில் கண்ட அளவின் கீழ்ப்பாகத்தில் வைத்து, குறுகிய வில்லோடு ஏற்றவேண்டும். முதல் வரியில் கலப்பு மிகுதி. ஆகையால் முழுக் கடினம் இரண்டாவது வரியிலேயே கிடைக்கும். மூன்றாவது வரி வீண் செலவு, உதிர்வதற்கும் இடமாகும். கடின வரியின் குறுக்கே மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றினால் அஞ்சவேண்டியதில்லை. அவ்வுலோகத்தின் இயல்பு அது. வரியின் ஓரமாக நீளவாக்கில் ஓடும் விரிசலே ஆபத்தானது. அத்தகைய கத்தியை உபயோகிக்கலாகாது.

முடிந்ததும் தண்ணீரில் இடாமல், காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுக. இது ஓர் இரவு வேலை. ஆகையினால்தான் தண்ணீர் வந்தபின் செய்யத்தக்கது அன்று என்கிறேன். கடைசியாகக் கத்திகளைத் தராசில் நிறுத்து, ஒத்த எடையுள்ளவற்றை எதிரெதிரே பூட்டவேண்டும். எடை ஒவ்வாத கத்திகள் ரோட்டவேட்டரை நடுங்கச் செய்து பேரிங்குகளை அழிக்கும்.

மின்சாரமும் அபாயமும்

மாலை நேரத்தில் கடைக்கோடிக் கிராமங்களில் வோல்ட்டேஜ் இறங்கும்பொழுது, யந்திரத்தின் குமிழ் 110-ல் நின்றாலும் வில்லில் வருவது குறைந்திருக்கலாம். காலையில் சரியாயிருந்த அளவு மாலையில் தவறுவதன் காரணம் இதுவே. அப்போது சோதனை வரி ஒன்று வைத்துப் பார்த்த பின்னரே கத்தியைத் தொடவேண்டும். பம்புசெட்டுக்கு அளித்த இலவச மின் இணைப்பிலிருந்து வெல்டிங் யந்திரத்துக்கு மின்சாரம் எடுத்தல் விதிக்கு விரோதம். மோட்டாருக்கும் அக்கம்பக்கத்து இணைப்புகளுக்கும் கெடுதல்.

ஈரத்தரையில் நின்றும், வெறுங்காலோடும், கண்ணாடி முகமூடியின்றியும் இவ்வேலை செய்யலாகாது. மின்வில்லின் புறஊதாக் கதிர் கண்ணை எரித்து, இரவில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும் புகை காய்ச்சலை உண்டாக்கும்; பூச்சைத் தேய்த்து நீக்கிய பின்பே செய்யவேண்டும்.

கிராம அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தண்ணீர் விடுவதற்கு ஒரு மாதம் முன்னதாக ஊரிலுள்ள டிராக்டர்க்காரர்களை ஒருநாள் கூட்டி, கத்திகளையும் கொழுக்களையும் பரிசீலிக்க ஏற்பாடு செய்தால் பேருதவியாகும். அருகிலுள்ள வெல்டரையும் அழைத்து ஐந்து வரிச் சோதனையை எல்லோர் முன்பாகவும் செய்துகாட்டலாம். மதுரை கோ. புதூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்ற இளைஞர் ஊரில் இருந்தால் அவரைக்கொண்டே நடத்தலாம். சொந்த யந்திரம் இல்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவும் அந்த நாள் உதவும்.

வெல்டிங் வரி நான்கு விரற்கடை நீளமுள்ள சிறு பொருளே. ஆயினும், ஒரு குடும்பத்தின் போகம் சில நாள் அதன்மேல் நிற்கிறது. வழுவழுப்பான வரி எல்லாம் நல்ல வரி அன்று. வேலைக்குத் தக்க ஆழமும், வேண்டிய உயரமும், நிதானமாக ஆறிய இரும்புமே நல்ல வரி. முன்பு சொன்ன மிராசுதார் இப்பொழுது சித்திரை மாதத்திலேயே கத்திகளைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார். முதலில் பழைய பட்டையில் ஐந்து வரிகளை வைக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்த பின்னரே கத்தியைக் கொடுக்கிறார். மற்றவர்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.